பூட்டாத பெட்டிக்குச் சாவி கேட்டவர்கள்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் படியேறி வந்து சொல்லும் முதல் வார்த்தை "லொக் ஆயிருச்சு" என்பதுதான். பத்தில் எட்டுத் தடவை எதுவும் லொக் ஆகியிருக்காது, பூட்டே இருக்காது.

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மருந்து விற்கும் ஒரு பாமசிக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் கடை. தட்டச்சு, பிரிண்ட், போட்டோ கொப்பி, கொம்பியூட்டர் பழுது, போன் பழுது எல்லாம் உண்டு. நானும் சுனிலும் கூட்டு. எழுத்து சம்பந்தப்பட்டது என் மேசைக்கு வரும். திருகாணி சம்பந்தப்பட்டது சுனிலின் மேசைக்குப் போகும். சுனில் இந்த ஊர்ச் சிங்களவர். சந்தையில் பழகிய தமிழ் பேசுவார், ஆனால் வாசிக்க வராது.

இதே வேலையில் இருக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கொம்பியூட்டருக்கு அ, ஆ தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே இந்த எழுத்துக்கு இந்த எண் என்று ஒரு அட்டவணை போட்டு, ஊருக்கே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் குறியாக்கம். அட்டவணை கையில் இருந்தால் யாரும் வாசிக்கலாம். மறைகுறியாக்கம் வேறு. அதில் எழுத்தைக் கலைத்துப் போடுவதற்கு ஒரு சாவி உண்டு. சாவி வைத்திருப்பவர் மட்டும்தான் திரும்ப வாசிக்க முடியும். தமிழில் இரண்டுக்கும் 'மறை' என்ற இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். அந்த இரண்டெழுத்தில்தான் என் பதினாறு வருசம் போயிருக்கிறது.

அம்மாவின் இரகசிய பாஷை

பூனாகலையிலிருந்து கவிதாவும் அவளுடைய அண்ணன் ரவியும் ஒரு பென் டிரைவோடு வந்தார்கள். அவர்களுடைய அம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பொறுப்பாளராக இருந்தவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அம்மா போன வருசம் இறந்துவிட்டார். அவருடைய பழைய மடிக்கணினியும் அவருக்குப் பின்னாலேயே போய்விட்டது. அதில் இருந்ததைப் புதுக் கணினிக்கு மாற்றித் திறந்து பார்த்தால், நூறு பக்கத்துக்கு மேல் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக இருந்ததாம். ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லையாம்.

"அம்மா என்னமோ மறைச்சு எழுதியிருக்காங்க மிஸ். கோட் போட்டு எழுதியிருக்காங்க," என்றாள் கவிதா. ரவி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். நம் ஆட்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. யுனிகோட் என்ற பொது அட்டவணை பரவுவதற்கு முன்னால் நாமெல்லாம் தட்டிய பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதினால் உள்ளே இப்படித்தான் பதிவாகும். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருவை ஏற்றினேன். திரை முழுக்கத் தமிழ் வந்து நின்றது.

அது முழுக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்த குழந்தைகளைப் பற்றிய குறிப்புகள். 'குமாரின் மகன். கோழியைக் கண்டால் பயம். தாலாட்டு வேண்டாம், முதுகில் தட்டினால் போதும்.' 'சாந்தியின் மகள். தாய் போகும்போது அழ மாட்டாள், வரும்போதுதான் அழுவாள்.' பக்கம் பக்கமாக இப்படியே போனது. கவிதா சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் வாசித்தாள். ரவி கடைசி வரைக்கும் திரையைப் பார்க்கவில்லை. கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"எங்களுக்குத் தெரியக் கூடாத ஏதோ ஒண்ணுன்னு நெனச்சு, ஒரு வருசமா அம்மா மேல கோவமா இருந்துட்டேன் மிஸ்."

கட்டம் கட்டமாக நாலு இலக்கம்

செல்லத்துரை அண்ணன் வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுபவர். ஒரு நாள் பேங்க் கார்டை நீட்டி, லெமினேட் பண்ணித் தரச் சொன்னார். கார்டின் பின்பக்கத்தில் தபால் தலை அளவுக்கு ஒரு கியூஆர் கட்டம் ஒட்டியிருந்தது. இது என்னண்ணே என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தினார். இரகசிய இலக்கம் அடிக்கடி மறந்துபோகிறதாம். கடதாசியில் எழுதி வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்களாம். அதனால் போனில் ஏதோ ஒரு செயலியில் போட்டு இப்படி 'பூட்டி' வைத்திருக்கிறாராம். "மனுசன் எவனாவது இதை வாசிக்க முடியுமா சொல்லுங்க?"

நான் என் போனை எடுத்து அதன் மேல் பிடித்தேன். நாலு இலக்கமும் வந்து நின்றன. போனை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கார்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு நகத்தால் அந்தக் கட்டத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"இதை எம் பொஞ்சாதிக்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க தங்கச்சி, அவ அப்பவே சொன்னா."

சிங்கள எழுத்தில் வந்த கடிதம்

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சூசை அண்ணன் வந்தபோது கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவருடைய மகள் மெலனி பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். புதுப் போன் வாங்கிக்கொண்டு, பழையதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்த செய்திகளை அழிக்க மறந்துபோனாள். அவர் நேராகச் சுனிலின் மேசைக்குப் போய்ப் போனை வைத்தார்.

"தம்பி, எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. எம் மகளுக்கு ஒரு சிங்களப் பையன் எழுதுறான், இவளும் எழுதுறா. என்ன எழுதியிருக்குன்னு படிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லுங்க."

மகளின் செய்தியை வாசிப்பது சரியில்லை அண்ணே என்றேன். "போன் இப்ப என்னோடது மிஸ்," என்றார். சுனில் என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "எழுத்து சிங்களம். ஆனா இது சிங்களம் இல்ல, மாமா. ஒரு வார்த்தையும் சரியா வரல," என்றார். சும்மா வாசியுங்கள் என்றார் சூசை அண்ணன். சுனிலும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

"அப்பா கிட்ட நீங்க பேச வேணாம். நானே சொல்றேன். அவரு சத்தம் போடுவாரு. அப்பறம் தனியா போயி அலுவாரு. அலுது முடிச்சிட்டு சரின்னு சொல்லுவாரு."

பாதியிலேயே சுனிலுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. அது சுத்தமான தோட்டத்துத் தமிழ். வீட்டில் யாருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது என்று, இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் தமிழைச் சிங்கள எழுத்தில் போட்டு வைத்திருந்தார்கள். சிங்களத்தில் ழகரம் இல்லாததால் அப்பா 'அழுவாரு' என்பது 'அலுவாரு' ஆகியிருந்தது. அது ஒன்றுதான் நட்டம். கண்ணுக்கு மறைத்ததைக் காதுக்கு மறைக்க முடியவில்லை. கடையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, சூசை அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சூசை அண்ணன் எட்டிப் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போதும் தம்பி, மிச்சத்த அவளே சொல்லட்டும், நான் இன்னும் சத்தமே போடலயே."

பதின்மூன்று கேள்விக்குறி

வெலிமடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஜெயராஜ் சேர், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு வந்தார். அன்று பின்னேரத்துக்குள் கல்வி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கோப்பைத் திறந்தால் பிறந்த தேதி இருக்கிறது, பாடங்கள் இருக்கின்றன, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. "எவனோ லொக் பண்ணிட்டான் மிஸ். நீங்க அந்தப் பூனாகலைப் பிள்ளைக்குத் திறந்து குடுத்தீங்களாமே," என்றார்.

கவிதா கொண்டுவந்தது எழுத்து இருந்த கோப்பு, அட்டவணைதான் இல்லை. இதில் எழுத்தே இல்லை. தமிழுக்கு இடமில்லாத ஒரு பழைய வடிவத்தில் சேர் கோப்பைச் சேமித்திருக்கிறார். இந்த எழுத்து எனக்குத் தெரியாது என்று கொம்பியூட்டர் ஒவ்வொன்றையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறது. கேள்விக்குறிக்குப் பின்னால் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. மூலக் கோப்பும் இல்லை, அதன் மேலேயேதான் சேமித்திருந்தார். இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வரவுப் பதிவேடு பாடசாலையில் இருக்கிறது. போய் எடுத்து வருவதற்குள் அலுவலகம் மூடிவிடும்.

எனக்கு ஒன்று தோன்றியது. "சேர், எறிஞ்ச எழுத்து திரும்பாது. ஆனா எத்தனை எறிஞ்சிச்சுன்னு தெரியும். எழுத்துக்கு ஒண்ணு, புள்ளிக்கு ஒண்ணு, விசிறிக்கு ஒண்ணு, கொம்புக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணுன்னு எண்ணணும்." சேருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். "பதின்மூணு... தமிழ்ச்செல்வி. எழுதுங்க." எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பதின்மூன்றுதான். நாலு கேள்விக்குறியில் இரண்டு பேர் இருந்தார்கள். கமலாவும் நாலு, ராணியும் நாலு. சேர் கண்ணை மூடிக்கொண்டார். "பட்டியலை நான் இருக்கை வரிசைப்படி எழுதினேன். தமிழ்ச்செல்விக்குப் பக்கத்துல ராணி, அவ கொப்பியப் பார்த்துத்தான் இவ கணக்கு செய்வா. கமலா கதவோரம்." இப்படியே கடைசிப் பெயர் வரைக்கும் வந்தார். அச்செடுத்த தாளை வாங்கிக்கொண்டு, இத்தனை பேரையும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்குப் படியில் நின்று பதில் சொன்னார்.

"பேரு மறந்தாலும் பெஞ்சு மறக்காது மிஸ், எது எங்கேருந்து கத்தும்னு காதுக்குத் தெரியும்."

முடிவில் இரண்டு சமக்குறி

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிரிசில்லா அக்காவே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

பிரிசில்லா அக்கா ஒரு தொண்டு அமைப்பில் ஆலோசகர். தோட்டங்களில் வீட்டுக்குள் அடிபடும் பெண்களைப் போய்ப் பார்த்துப் பேசுவார், சொன்னதைக் குறித்துக்கொள்வார். ஒரு நாள் மாத அறிக்கையை அலுவலகக் கோவையில் போட்டு வைக்கப் பிரிண்ட் எடுக்க வந்தார். கோப்பு முழுக்க பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இலக்கமும் இடைவெளியே இல்லாமல் ஓடி, இரண்டு சமக்குறியில் முடிந்தது. "இதெல்லாம் அந்தப் பொம்பளைங்க சொன்னது. புது மென்பொருள் தானாவே பூட்டிக் குடுத்துரும். எனக்கே விளங்காது பாருங்க," என்றார் பெருமையாக.

முடிவில் சமக்குறி வரும் அந்தக் கலவையை நம் தொழிலில் தினமும் பார்க்கிறோம். படத்தையும் எழுத்தையும் மின்னஞ்சலில் சேதமில்லாமல் அனுப்புவதற்காகப் பொதி கட்டும் முறை அது. சாவி கிடையாது. பொதியின் கயிற்றை யார் இழுத்தாலும் அவிழும். "அக்கா, இது பூட்டே இல்ல," என்றேன். அவர் நம்பவில்லை. "எங்க, திறந்து காட்டு."

என் கணினியிலேயே இருக்கும் ஒரு கட்டளையைக் கொடுத்தேன். கண்ணை இமைப்பதற்குள் ஒரு பெண்ணின் பெயர், தோட்டத்தின் பெயர், லயத்து வரிசை வீட்டின் இலக்கம், புருசன் என்ன செய்தான் என்ற முதல் வரி எல்லாம் வந்துவிட்டன. அதற்குமேல் படிக்காமல் மூடினேன். படித்த ஒரு வரியை இன்னும் மறக்க முடியவில்லை. அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அந்த அறிக்கைகள் போய்ச் சேரும் மின்னஞ்சல் பெட்டியைப் பல அலுவலகங்களில் பலர் திறக்கிறார்கள். அதில் தோட்டத்து உத்தியோகத்தர்களும் உண்டு.

அவர் பிரிண்ட் எடுக்காமலே போனார். அன்றைக்கே அமைப்பில் சொல்லி அனுப்புவதை நிறுத்தினார், பழையவற்றை அழிக்கச் செய்தார். பிறகு ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கி, நீங்கள் சொன்னது சரியாகப் பூட்டப்படவில்லை என்று அந்தப் பெண்களிடம் தானே சொன்னார். ஒருத்தி தன் விசயத்தைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டாளாம். மற்றவர்கள் தொடர்ந்து பேசினார்களாம். இப்போது அவர்கள் கோப்புகளை நிஜமாகவே சாவி போட்டு அனுப்புகிறார்கள். அந்தச் சாவியைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. அடுத்த மாதம் வந்த பிரிசில்லா அக்கா, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு விளங்கல, அதனால எவனுக்கும் விளங்காதுன்னு இருந்துட்டேன் ரெஜினா."

மாரிமுத்துவின் ஆறு இலக்கம்

நிஜமாகவே லொக் ஆகி வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாரிமுத்து அண்ணன் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்பவர். அவருடைய மனைவி பாக்கியம் ஏழு வருசம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, நோயில் விழுந்து இறந்துபோனார். அவர் விட்டுப்போனது ஒரு நல்ல போன். அதைத் திறக்க ஆறு இலக்கம் வேண்டும். அவர் யாருக்கும் சொல்லவில்லை.

"உள்ள அவ குரல் இருக்கும் மிஸ். அங்க இருந்தப்ப தனியா பாடிப் பதிவு பண்ணுவாளாம். எங்கிட்ட சொல்லியிருக்கா, போட்டுக் காட்டினதில்ல."

சுனில் போனை ஒரு வாரம் வைத்திருந்தார். திரையை மாற்றித் தரலாம், மின்கலத்தை மாற்றித் தரலாம். உள்ளே இருப்பதை மட்டும் தர முடியாது. அந்தப் போன் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் மறைகுறியாக்கி வைத்திருக்கிறது. அந்த ஆறு இலக்கம் இல்லாமல் சாவி பிறக்காது. சும்மா அடித்துப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு பிழைக்கும் காத்திருக்கும் நேரம் கூடும், ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும். பிள்ளைகளின் பிறந்த நாள், கலியாண நாள், பாக்கியம் வெளிநாடு போன நாள் என்று மாரிமுத்து அண்ணன் யோசித்து யோசித்துச் சொன்னதை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தோம். எதுவும் இல்லை. இன்னும் சில தடவைதான் மிச்சம் என்று தெரிந்ததும் சுனில் கையை எடுத்துவிட்டார்.

முடியாது என்று சொல்வது எனக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்குச் சுனிலைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் பிரிண்டருக்குத் தாள் போடப் போனேன். மாரிமுத்து அண்ணன் முழுவதையும் கேட்டார். இதை யாராலும் திறக்க முடியாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். யாராலும் முடியாது என்றார் சுனில். மாரிமுத்து அண்ணன் போனை வாங்கி, கைலேஞ்சித் துணியில் சுற்றி, பைக்குள் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"பரவாயில்ல தம்பி, உசுரோட இருந்தப்பவும் அவ சொல்ல வேணாம்னு நெனச்சத யாராலயும் அவ வாயிலருந்து வாங்க முடியாது."

திறந்தே கிடந்ததைத் திறந்து கொடுத்ததற்கு என் வீட்டுக்கு லீக்ஸும் கரட்டும் மூட்டையாக வந்திருக்கின்றன, முடியாததை முடியாது என்று சொன்னதற்கு இதுவரை ஒரு பீட்ரூட்கூட வந்ததில்லை.